வடிகாலில் விட்ட தண்ணீரைத் திரும்பக் கேட்கிறோம்

பேராக் மாநிலக் கம்புட் நிலங்களுக்கான கோரிக்கைச் சாசனம்

ஈப்போவில் இருந்து மாநிலத்தின் நிலத்தையும் காட்டையும் ஆளும் பேராக் அரசுக்கும், புத்ராஜெயாவில் உள்ள கூட்டரசுக்கும், ஹிலிர் பேராக், பாகான் டத்தோ, பத்தாங் பாடாங், கிரியான் மாவட்டங்களில் கம்புட் மண்ணில் செம்பனை வளர்க்கும் தோட்ட நிறுவனங்களுக்கும் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம்.

முன்வைக்கும் நாங்கள், பால் மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். எங்களில் சிலர் இன்றும் தோட்டத்து வீடுகளில் இருக்கிறோம். தோட்டம் துண்டாடப்பட்டோ விற்கப்பட்டோ போனபின் தெலுக் இந்தான் தாமான்களுக்கும் ஈப்போ புந்தோங்குக்கும் வந்து சேர்ந்தவர்கள் பலர். ஐந்து, பத்து ஏக்கர் செம்பனை வைத்துப் பிழைப்பவர்களும், கிரியான் வயல்களில் நெல் போடுபவர்களும், ஆற்றுமீனை நம்பி வாழ்பவர்களும் எங்களோடு நிற்கிறார்கள். நிலம் கேட்டுப் போராடிய கோரிக்கைகள் எங்கள் மக்களிடம் எத்தனையோ உண்டு. இந்தச் சாசனம் தண்ணீரைப் பற்றியது. தண்ணீர் தன் இடத்துக்குத் திரும்பினால்தான் நிலம் நிலமாக நிற்கும் என்பதால் இதைக் கேட்கிறோம்.

கம்புட் என்று நாம் எல்லோரும் சொல்லிப் பழகிய கறுப்புச் சதுப்பு மண், தண்ணீருக்குள் விழுந்து முழுதாக மக்க முடியாமல் போன இலையும் வேரும் மரமும் அடுக்கடுக்காகச் சேர்ந்து உண்டானது. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் இது சேர ஏறக்குறைய நாலாயிரம், ஐயாயிரம் ஆண்டுகள் பிடித்திருக்கின்றன. ஓர் ஆண்டில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் வளரும். 2010ல் வெட்லண்ட்ஸ் இன்டர்நேஷனல் நிறுவனம் வெளியிட்ட கணக்கின்படி பேராக்கில் ஏறத்தாழ 70,000 ஹெக்டர் கம்புட் நிலம் உண்டு. தெற்கே பெர்னாம் ஆற்றுக்கும் பேராக் ஆற்றுக்கும் இடைப்பட்ட தாழ்நிலத்திலும், வடக்கே கிரியானிலும் அது பரந்து கிடக்கிறது. பெரும்பகுதியில் இன்று காடு இல்லை. நேர்கோடாக வெட்டிய வாய்க்கால்களும் அவற்றின் நடுவே செம்பனையும்தான்.

அந்த வாய்க்கால்களை வெட்டியவர்களில் எங்கள் பாட்டன், முப்பாட்டன்மார் உண்டு. ஜாவாக்காரரும் பஞ்சார்காரரும் சீனரும் உண்டு. கிரியானில் கரும்புத் தோட்டங்கள் இருந்த காலத்திலேயே தமிழர் ஒப்பந்தக் கூலிகளாக வந்துவிட்டார்கள். 1907ல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. 1910ல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்டது. 1938ல் இந்திய அரசு தடுத்து நிறுத்தும்வரை கங்காணி வழியாகவும் நிதி வழியாகவும் ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தஞ்சாவூர், திருச்சி, சேலம், ஆர்க்காடு மாவட்டங்களில் இருந்து வந்தவர்கள் அவர்கள். பெய்கிற மழையை மறித்து ஏரியில் தேக்கி, மடை திறந்து, முறை வைத்துப் பாய்ச்சிய ஊர்களில் பிறந்தவர்கள். இங்கே துரை குறித்துக் கொடுத்த கோட்டில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, தண்ணீரைக் கடலுக்கு விரட்டும் வாய்க்காலை வெட்டினார்கள். முதலில் கரையோரக் களிமண்ணிலும் ஆழம் குறைந்த கம்புட்டிலும் தென்னையும் ரப்பரும் வந்தன. பின்னால் செம்பனைக் காலத்தில் இயந்திரம் வந்து ஆழமான கம்புட்டையும் கீறியது. உழைப்பு எங்களுடையது, எங்கே வெட்டுவது, எதற்கு வெட்டுவது என்ற முடிவில் எங்களுக்குப் பங்கே இருந்ததில்லை. அந்தப் பங்கையும் இப்போது கேட்கிறோம்.

ஏன் கேட்கிறோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதிகாரிகள் பலர் கம்புட்டை இன்னும் 'உபயோகமற்ற சதுப்பு' என்றே நினைக்கிறார்கள்.

கம்புட் காடு கரையில்லாத ஏரி. அதன் நூறு பங்கில் தொண்ணூறு பங்கு தண்ணீர்தான். மீதிப் பத்துப் பங்கு மக்காத தழையும் நாரும் அந்தத் தண்ணீரை நிறுத்தி வைத்திருக்கின்றன. நடுவில் மெல்ல உயர்ந்தும் விளிம்புகளில் சரிந்தும் இருக்கும் இந்த மேட்டுக்குள் ஆற்று நீர் ஏறி வராது. மழை ஒன்றுதான் அதற்கு வரத்து. மேலடுக்கு நார்நாராகத் திறந்திருப்பதால் மழைநீர் அதில் சுலபமாக இறங்கும். கீழடுக்கு இறுகி இருப்பதால் நீர் பக்கவாட்டில் மிக மெதுவாகவே நகரும். இன்று பெய்த மழை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் தேயிலைச் சாயம் போன்ற கறுப்பு நீராகக் கசிந்து ஆற்றில் சேரும். வறண்ட மாதங்களில் ஆற்றில் ஓட்டம் நிற்காமல் இருக்க இந்தக் கசிவும் உதவுகிறது. ஒரு பெருமழையில் முழுத் தண்ணீரையும் கம்புட் குடித்துவிடும் என்று சிலர் மிகைப்படுத்துகிறார்கள். அது சரியில்லை. ஏற்கெனவே நிறைந்த சதுப்பு புதிதாக நிறைய வாங்கிக்கொள்ளாது. ஆனால் மேடு பள்ளமான தரையும், வேர்த் திட்டுகளும், தேங்கி நிற்கும் குட்டைகளும் வெள்ளத்தின் ஓட்டத்தைத் தளர்த்திவிடும். ஒரே இரவில் ஆற்றுக்கு வர வேண்டியது பல நாள்களில் வரும். கீழே இருக்கும் ஊருக்கு அதுதான் வேண்டியது.

நீர்ச்சுற்றின் இன்னொரு பாதி மேலே நடக்கிறது. மழையாக வந்த நீரின் பெரும்பகுதியைக் கம்புட் காட்டு மரங்கள் ஆவியாக வானத்துக்கே திருப்பித் தருகின்றன. நிலத்தைக் குளிர்விப்பதும் அதுவே, உள்நாட்டு மேகத்துக்கு ஈரம் கொடுப்பதும் அதுவே. காட்டை அழித்து நீர்மட்டத்தையும் ஒரு மீட்டர் இறக்கிவிட்டால் இந்தச் சுற்று இரண்டு முனையிலும் அறுந்துபோகிறது.

வாய்க்கால் வெட்டிய அன்றே நிலம் தாழத் தொடங்குகிறது. தண்ணீரின் தாங்கல் போனதும் மேலடுக்கு அமுங்கும். பிறகு காற்றுப் பட்ட தழை மக்கிக் கரியமில வாயுவாகப் பறந்துபோகும். தென்கிழக்காசிய ஆய்வுகள் முதல் ஐந்து ஆண்டுகளில் ஒரு மீட்டருக்கும் மேல் தாழ்வதையும், அதன்பின் ஆண்டுக்கு இரண்டு முதல் ஐந்து சென்டிமீட்டர் தாழ்ந்துகொண்டே போவதையும் காட்டியுள்ளன. கம்புட் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆய்வு தேவையில்லை. செம்பனை வேர் தரைக்கு மேலே தெரிவதும், மரம் ஒரு பக்கம் சாய்ந்து படுத்தபடி மேலே வளைவதும், வீட்டு வாசலில் படி கூடிக்கொண்டே போவதும் அவர்கள் கண் முன்னால் நடப்பவை. இங்கிலாந்தின் ஹோம் ஃபென் சதுப்பை வடித்தபோது, 1851ல் ஓர் இரும்புத் தூணைத் தரைமட்டத்துக்கு நட்டு வைத்தார்கள். இன்று அந்தத் தூண் ஏறத்தாழ நான்கு மீட்டர் வெளியே நிற்கிறது. அது குளிர்நாடு. வெப்பநாட்டில் மக்கும் வேகம் இன்னும் அதிகம்.

நிலம் தாழ்ந்தால் வாய்க்காலை மீண்டும் ஆழப்படுத்த வேண்டும். ஆழப்படுத்தினால் மீண்டும் தாழும். ஒரு நாள் வாய்க்காலின் அடி ஆற்றுமட்டத்துக்கும் கடலின் ஏற்ற மட்டத்துக்கும் வந்துவிடும். அன்று முதல் தண்ணீர் தானாக வடியாது. பம்பு வைத்து இறைத்தால்தான் உண்டு. சரவாக்கின் ராஜாங் கழிமுகத்தில் ஏறத்தாழ 850,000 ஹெக்டர் கரையோரக் கம்புட்டை ஆராய்ந்து 2015ல் வெளியான ஆய்வு, இதே போக்கு நீடித்தால் 25 ஆண்டில் அந்தப் பரப்பின் 42 விழுக்காடும், நூறு ஆண்டில் 82 விழுக்காடும் வெள்ளத்தில் மூழ்கும் என்றது. பாகான் டத்தோவும் ஊத்தான் மெலிந்தாங்கும் அந்தக் கழிமுகத்தைவிட மேட்டில் இல்லை. கடலுக்கும் எங்களுக்கும் இடையே நிற்பவை மண் கரைகளும் அலைக்கதவுகளும்தான். கரைக்கு உள்ளே நிலம் இறங்குகிறது, கரைக்கு வெளியே கடல் ஏறுகிறது. தோட்ட நிறுவனம் தன் முதலீட்டை வேறு மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ளும். எங்கள் வீடும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இடுகாடும் அங்கேயேதான் இருக்கும்.

வெள்ளம் ஒரு முனை என்றால் தீ மறுமுனை. ஈரத்தோடு இருக்கும் கம்புட் எரியாது. ஒருமுறை முற்றும் காய்ந்துவிட்டால் அது தண்ணீரை மறுபடி வாங்க மறுக்கும். தரைக்குக் கீழே வாரக்கணக்கில் கனலும். 2005 ஆகஸ்டு 11ஆம் தேதி காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500ஐத் தாண்டியதால் கிள்ளான் துறைமுகப் பகுதியிலும் கோல சிலாங்கூரிலும் அவசர நிலை அறிவிக்கப்பட்டது. 2015லும் 2019லும் பள்ளிகள் மூடப்பட்டன. பெரும்பகுதிப் புகை சுமத்ராவில் இருந்தும் களிமந்தானில் இருந்தும் வந்தது என்பது உண்மை. பத்து லட்சம் ஹெக்டர் நெல் திட்டம் என்று 1996ல் இந்தோனேசியா மத்தியக் களிமந்தானில் நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் வாய்க்கால் வெட்டியது. நெல்லும் விளையவில்லை, அடுத்த ஆண்டே அந்தச் சதுப்பு எரிந்தது, 1999ல் திட்டம் கைவிடப்பட்டது. அண்டை நாட்டைக் குறை சொல்லும் உரிமை, நம் சொந்தக் கம்புட்டை ஈரமாக வைத்திருந்தால்தான் நமக்கு முழுதாக வரும்.

வடித்த கம்புட்டை மீண்டும் நனைக்க முடியுமா? முடியும். பெர்னாம் ஆற்றின் தென்கரையில், நம் கண்ணுக்கு எதிரே, அது நடந்துகொண்டிருக்கிறது. ஏறத்தாழ 81,000 ஹெக்டர் பரப்புள்ள வட சிலாங்கூர் கம்புட் காட்டின் ராஜா மூசா காப்பகத்தில், வாய்க்கால் வெட்டித் தீவைத்துச் சீரழிந்த பகுதியை மீட்க, சிலாங்கூர் வனத்துறையும் குளோபல் என்விரான்மென்ட் சென்டர் என்ற அமைப்பும் 2008 முதல் வேலை செய்கின்றன. வாய்க்கால்களை அடைத்தார்கள். நீர்மட்டம் ஏறியது. வெட்டவெளியில் மஹாங் மரக்கன்றுகள் நடப்பட்டன. சுற்றியுள்ள கிராமத்தாரே நண்பர் குழுவாகச் சேர்ந்து தீக்காவல் பார்க்கிறார்கள். அந்தக் காட்டின் நீரையும் சார்ந்துதான் தஞ்சோங் காராங் நெல்வயல்கள் இருக்கின்றன. தென்கரையில் முடிந்தது வடகரையில் முடியாமல் போகக் காரணமே இல்லை.

மீட்பதால் எல்லாம் திரும்பிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தாழ்ந்துபோன மட்டம் எங்கள் பிள்ளைகளின் காலத்தில் ஏறாது. ஆனால் தாழ்வது நிற்கும் அல்லது மிகவும் குறையும், தீ அணையும், ஆறு சீராகும். அதனால் கேட்கிறோம்:

கோரிக்கை 1: எஞ்சியிருக்கும் கம்புட் காட்டில் இனி ஒரு சாணும் போகக்கூடாது

2013ல் பீடோருக்குத் தெற்கே பீக்காம் வனக் காப்பகம் காப்பகத் தகுதியை இழந்து அழிக்கப்பட்ட செய்தி வெளிவந்தது. தீபகற்பத்தில் அரிதாகிவிட்ட கெருயிங் பாயா மரத்தின் வாழிடம் அது. வெட்டி முடிந்தபிறகுதான் மக்களுக்குத் தெரிந்தது. சுற்றுவட்டாரத்துச் செமாய் ஓராங் அஸ்லி (பூர்வகுடி) மக்களும் தோட்டத்து மக்களும் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளும் நிலை இனி வரக்கூடாது. காப்பகத் தகுதியை நீக்குமுன் பொது விசாரணை நடத்த வேண்டும் என்று 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டத்தில் 2022ல் திருத்தம் வந்தது. அந்தத் திருத்தம் பேராக்கில் எழுத்திலும் செயலிலும் முழுமையாக இருக்க வேண்டும். விசாரணை அறிவிப்பு மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் வெளியாக வேண்டும். அந்த இடத்துக்கு அருகிலேயே கூட்டம் நடக்க வேண்டும். 2021ல் வட கோல லங்காட் காட்டின் ஒரு பகுதியின் தகுதியை நீக்கிய சிலாங்கூர் அரசு, செய்தி வெளியானதும் எழுந்த மக்கள் எதிர்ப்பால் சில நாள்களிலேயே முடிவைத் திரும்பப் பெற்றது. மக்களுக்குத் தெரிந்தால் காடு பிழைக்கும்.

கிரியானில் பெரியா சதுப்புக் காட்டைத் தனியே குறிப்பிடுகிறோம். 1906ல் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கம் கிரியான் நெல்வயல்களுக்குத் தாய்மடி. அதன் அருகே கிடக்கும் பெரியா சதுப்பு அந்தத் தேக்கத்தின் நீரோடு பிணைந்தது. நூறாண்டுக்கு மேலாக வயலுக்குத் தண்ணீர் தரும் அணையைத் தூர் வாரவும் உயர்த்தவும் கோடிக்கணக்கில் திட்டம் போடும் அரசு, அணைக்கு ஈரம் தரும் சதுப்பைச் சுற்றி ஒரு சல்லிக்காசு செலவில்லாமல் போடக்கூடிய பாதுகாப்பைப் போட வேண்டும். பெரியா சதுப்பு முழுவதும் நீர்ப்பிடிப்புக் காடாக அறிவிக்கப்பட வேண்டும்.

கோரிக்கை 2: கணக்கை வெளியிடுங்கள்

எந்தத் தோட்டத்தில் எத்தனை ஹெக்டர் கம்புட், எத்தனை மீட்டர் ஆழம், கடைசியாக அளந்தபோது நீர்மட்டம் எங்கே இருந்தது, எவ்வளவு தாழ்ந்திருக்கிறது. இவை மாநில அரசின் பொது வரைபடமாக யாரும் பார்க்கும்படி இருக்க வேண்டும். செம்பனை வாரியத்துக்குத் தெலுக் இந்தானிலேயே கம்புட் ஆய்வு நிலையம் இருக்கிறது. அறிவு நம் மண்ணிலேயே இருக்கிறது. அது மக்களிடம் வரவில்லை. நீர்மட்டம் பார்க்கும் குழாயும் நிலம் தாழ்வதைக் காட்டும் இரும்புத் தண்டும் விலை உயர்ந்த கருவிகள் இல்லை. ஹிலிர் பேராக், பாகான் டத்தோ தமிழ்ப்பள்ளிகளிலும் மலாய், சீனப் பள்ளிகளிலும் மழைமானியோடு இவற்றையும் நிறுவி, பிள்ளைகள் வாரந்தோறும் குறித்த அளவைப் பள்ளி அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். ஐந்தாண்டு அளவு கையில் இருக்கும் ஊரை எந்த அதிகாரியும் ஏய்க்க முடியாது.

கோரிக்கை 3: வாய்க்கால்களை அடையுங்கள், விளிம்பில் இருந்து தொடங்குங்கள்

இது இந்தச் சாசனத்தின் நடுமையம். எஞ்சிய காப்பகங்களின் எல்லையை ஒட்டி ஓடும் தோட்ட வாய்க்கால்தான் காட்டின் நீரைக் களவாடுகிறது. காட்டுக்குள் ஒரு மரத்தையும் வெட்டாமலே எல்லையில் ஒரு ஆழமான வாய்க்கால் காட்டைச் சாகடிக்கும். பல நூறு மீட்டர் உள்ளே வரை நீர்மட்டத்தை அது இழுத்துவிடும். ஆகவே முதல் வேலை அங்கே.

ஒரே பெரிய அணையாகக் கட்டினால் கம்புட்டில் நிற்காது. அடிவழியாகவும் பக்கவழியாகவும் நீர் குடைந்துகொண்டு போய்விடும். சிறு சிறு தடுப்புகள் வேண்டும். ஒரு தடுப்புக்கும் அடுத்ததற்கும் நீர்மட்ட வேறுபாடு ஒரு சாண் அளவுக்கு மிகாமல், படிப்படியாக இறங்க வேண்டும். அங்கேயே கிடைக்கும் இறுகிய கம்புட்டாலும் மரத்தாலும் மணல் மூட்டையாலும் இவற்றைக் கட்டலாம். மழை மிகும்போது நீர் வழிந்து பக்கத்துச் சதுப்பில் பரவ ஒரு கலிங்கு விட வேண்டும். இந்த வேலைக்கு மண்வாரி இயந்திரத்தைவிட இடம் தெரிந்த கை முக்கியம். நாற்பது ஆண்டு அந்த வாய்க்கால் கரையில் நடந்தவருக்கு எங்கே மண் உறிஞ்சும், எங்கே கரை கரையும் என்பது தெரியும். ஒப்பந்ததாரரை ஈப்போவில் இருந்தும் கோலாலம்பூரில் இருந்தும் கொண்டுவந்து கட்டிவிட்டுப் போனால் அடுத்த மழையில் அது அடித்துக்கொண்டு போகும். தடுப்புகளைக் கட்டுவதும், ஆண்டுதோறும் பார்த்துச் செப்பனிடுவதும் அந்தந்த ஊர்க் குழுக்களிடம் கூலியோடு ஒப்படைக்கப்பட வேண்டும். குடிமராமத்து செய்து ஏரி காத்தவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். இந்த வேலை எங்களுக்குப் புதியது இல்லை.

கோரிக்கை 4: தோட்டத்துக்குள் நீர்மட்டத்தை உயர்த்துங்கள்

செம்பனை நிற்கும் கம்புட்டை நாளைக்கே காடாக்கச் சொல்லவில்லை. நிற்கும் காலம் வரை தரைக்கு அரை மீட்டருக்குக் கீழே நீர்மட்டம் இறங்க விடாதீர்கள் என்கிறோம். ஆர்எஸ்பிஓ என்னும் செம்பனைச் சான்றிதழ் அமைப்பின் விதியே சராசரி 50 சென்டிமீட்டர் என்கிறது. இந்தோனேசிய அரசு 2016ல் 40 சென்டிமீட்டர் என்று சட்டமே போட்டது. பேராக்கில் எல்லாத் தோட்டங்களுக்கும், சான்றிதழ் வாங்கியதோ வாங்காததோ, ஒரே அளவு சட்டமாக வேண்டும். ஆழமாக இறக்கினால் மகசூல் கூடும் என்ற பழைய எண்ணம் தவறு. உலர்ந்த கம்புட்டில் மரம் சாய்ந்து விழுவதை நிர்வாகிகள் அறிவார்கள்.

கோரிக்கை 5: மறுநடவின்போது கேள்வி கேளுங்கள்

செம்பனைக்கு ஏறத்தாழ 25 ஆண்டு வாழ்வு. ஒவ்வொரு மறுநடவும் ஒரு தீர்மானம். ஆர்எஸ்பிஓ 2018 விதிகளின்படி, மறுநடவுக்குக் குறைந்தது ஐந்து ஆண்டு முன்பே, நிலம் இன்னும் எத்தனை ஆண்டு தானாக வடியும் என்று மதிப்பிட வேண்டும். அந்த எல்லை வருவதற்கு 40 ஆண்டு அல்லது இரண்டு நடவுக் காலம், இவற்றில் எது அதிகமோ அதற்கு முன்பே, செம்பனையைக் கைவிட வேண்டும். அந்த மதிப்பீட்டை ஒவ்வொரு தோட்டமும் பொதுவில் வைக்க வேண்டும். 2019 மார்ச்சில் கூட்டரசு அமைச்சரவை செம்பனைப் பரப்பை 65 லட்சம் ஹெக்டருக்கு மேல் போகவிடாமல் நிறுத்தவும், கம்புட்டில் புதிய நடவை நிறுத்தவும் முடிவெடுத்தது. நல்ல முடிவு. ஆனால் நிலம் மாநில அதிகாரத்தில் இருக்கிறது. ஆகவே குத்தகை புதுப்பிக்கும்போதும், தோட்டம் கை மாறும்போதும், வீட்டு மனைக்கு மாற்ற விண்ணப்பிக்கும்போதும், கம்புட் நிலத்துக்கு நீர் நிபந்தனையை மாநில நில அலுவலகம் சேர்க்க வேண்டும். கம்புட்டில் தாமான் கட்ட அனுமதி தரவே கூடாது. வடிந்து தாழும் நிலத்தில் வீடு வாங்கி முப்பது ஆண்டு வங்கிக்குக் கட்டப்போவது எங்கள் பிள்ளைகள்.

கோரிக்கை 6: தண்ணீர் திரும்பும்போது தொழிலாளி வெளியேற்றப்படக்கூடாது

ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது வேலை குறைந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது வீடு போனது. தோட்டம் நகரமானபோது கோயிலும் பள்ளியும் இடம் தேடி அலைந்தன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் விலை கொடுத்தது ஒரே ஆள்தான். இயற்கைக்காக என்று சொல்லிக்கொண்டு வரும் மாற்றத்திலும் அதே ஆள் விலை கொடுப்பதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

ஒரு கம்புட் பிரிவில் செம்பனையை நிறுத்தினால், அங்கே வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் அதே கூலிக்குக் குறையாமல் நீர்த்தடுப்பு, நாற்றங்கால், தீக்காவல், அளவெடுப்பு வேலைகளில் முதல் உரிமை தரப்பட வேண்டும். இந்தோனேசியாவில் இருந்தும் வங்காளதேசத்தில் இருந்தும் வந்து உழைக்கும் தொழிலாளர்களுக்கும் இது பொருந்த வேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் முன் சொந்த வீடு தரப்பட வேண்டும், அதுவும் கம்புட்டில் இல்லாத மேட்டு நிலத்தில்.

சிறு தோட்டக்காரர் நிலை இன்னும் சிக்கல். பக்கத்துப் பெரிய தோட்டம் வாய்க்காலை அடைத்தால் இவர் நிலம் நனையும். இவர் தனியே எதையும் செய்ய முடியாது. ஒரே நீர்ப்பரப்பில் இருக்கும் பெரியவர், சிறியவர் எல்லோரையும் சேர்த்து நீர்க்குழு அமைக்க வேண்டும். நனையும் நிலத்துக்கு விளைச்சல் இழப்பு கணக்கிட்டுப் பணம் தர வேண்டும். ஈர நிலத்திலேயே வளரும் பயிருக்கு மாற விரும்புபவருக்கு நாற்றும், முதல் வெட்டு வரை உதவித்தொகையும் தர வேண்டும். சேகோப் பனை தண்ணீரில் நின்று வளரும். சதுப்பு ஜெலுத்தோங் மரம் வாய்க்கால் இல்லாத ஈரக் கம்புட்டில் வளர்ந்து பாலும் தரும். ஒரு காலத்தில் அந்தப் பால் உலகச் சந்தையில் சூயிங்கம் தயாரிக்கப் போனது. பால் வெட்டத் தெரிந்த தலைமுறை முழுவதும் மறைவதற்குள் இதை ஒரு சோதனைத் தோட்டமாகவாவது பேராக் அரசு தொடங்க வேண்டும். சந்தை உறுதி இல்லாமல் ஏழைகளை இதில் தள்ளவும் கூடாது. கொள்முதல் உத்தரவாதம் முதலில், நடவு பின்னால்.

கோரிக்கை 7: தீக்காவல்

வறண்ட மாதங்களில் எங்கள் குழுக்களுக்குப் பம்பு, குழாய், பயிற்சி, நாள்கூலி. தீ மூட்டிச் சுத்தம் செய்பவர் பெரிய நிறுவனமானாலும் வழக்கு.

கோரிக்கை 8: பெர்னாம் ஆற்றுக்கு ஒரே திட்டம்

ஆறு எல்லைக்கோடாக வரைபடத்தில் இருக்கிறது. தண்ணீருக்கு அந்தக் கோடு தெரியாது. வடகரையில் நாம் வடித்துக்கொண்டிருந்தால் தென்கரையில் சிலாங்கூர் செய்யும் மீட்பும் குறைவாகவே பலன் தரும். இரு மாநில அரசுகளும், நீர்ப்பாசன வடிகால் துறையும், வனத்துறைகளும் சேர்ந்த ஒரே பெர்னாம் படுகை நீர்த்திட்டம் வேண்டும். 2011 முதல் 2020 வரை தேசியக் கம்புட் செயல்திட்டம் ஒன்று இருந்தது. அதில் எழுதியவற்றில் பேராக்கில் என்ன நடந்தது, என்ன நடக்கவில்லை என்ற அறிக்கையை மாநிலச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டும். வடிகால் துறை தன் பெயரில் உள்ள இரண்டாம் பாதியை மட்டுமே கம்புட்டில் பல பத்தாண்டுகளாகச் செய்தது. நீரைத் தேக்கும் பொறியாளர்களும் அத்துறையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆணை கொடுங்கள்.

கோரிக்கை 9: பணம்

காட்டைக் காத்தால் மாநிலத்துக்கு வருமானம் இல்லை என்ற வாதத்தில் உண்மை உண்டு. அதனால்தான் கூட்டரசு 2019ல் 60 மில்லியன் ரிங்கிட்டோடு சூழலியல் நிதி மாற்றத்தைத் தொடங்கியது. 2024 வரவு செலவுத் திட்டத்தில் அது 200 மில்லியன் ஆனது. அந்த நிதியில் பேராக்குக்கு வருவதில் கம்புட்டுக்கென்று தனிப் பங்கு ஒதுக்கி, எவ்வளவு வந்தது, எந்த வாய்க்காலில் செலவானது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். கம்புட்டை வடித்து மூன்று தலைமுறை லாபம் பார்த்த நிறுவனங்களும் தங்கள் நிலத்தின் மீட்புச் செலவில் பங்கு தர வேண்டும். அந்தப் பங்கு நன்கொடையாக இருக்கக்கூடாது. கட்டணமாக இருக்க வேண்டும்.

கால வரம்பு

அடுத்த ஆறு மாதத்தில் கம்புட் வரைபடமும் எல்லை வாய்க்கால்களின் பட்டியலும் வெளியாக வேண்டும். அடுத்த வறண்ட பருவம் தொடங்குமுன் எஞ்சிய காப்பகங்களின் எல்லையில் முதல் தடுப்புகள் நிற்க வேண்டும். ஓர் ஆண்டுக்குள் நீர்க்குழுக்கள் பதிவு செய்யப்பட்டு, அவற்றில் பாதி இடம் தோட்டத் தொழிலாளர், முன்னாள் தொழிலாளர், சிறு தோட்டக்காரர், ஓராங் அஸ்லி மக்களுக்கு ஒதுக்கப்பட வேண்டும். அந்தப் பாதியில் பெண்கள் பாதி. வீட்டுக்குள் வெள்ளம் ஏறும்போது அரிசியையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஓடுவது அவர்கள்தான். இரண்டு ஆண்டுக்குள் நீர்மட்டச் சட்டமும், குத்தகை நிபந்தனையும் சட்டமன்றத்தில் நிறைவேற வேண்டும்.

இந்தச் சாசனத்தின் மலாய்ப் படியையும் தமிழ்ப் படியையும் ஈப்போவில் மாநிலச் செயலகத்திலும், தெலுக் இந்தான், பாகான் டத்தோ, தாப்பா, பாரிட் புந்தார் மாவட்ட அலுவலகங்களிலும், ஒவ்வொரு கம்புட் தோட்டத்தின் மேலாளர் அலுவலகத்திலும் கொடுக்கிறோம். எழுத்துப்பூர்வமான பதிலை, ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனித்தனியாக, அறுபது நாளுக்குள் எதிர்பார்க்கிறோம்.